உணவு மேசை வளர்ந்த கதை

மேசை என்பது தமிழ்ச் சொல்லன்று. போர்த்துக்கேசியர் விட்டுச் சென்ற சொற்களுள் அஃது ஒன்று. அலமாரியும் சன்னலும் சாவியும் அதனோடு கப்பலேறி வந்தவையே. தரையில் இலை விரித்து உண்டு பழகிய நமக்கு, நாற்காலிகள் சூழ்ந்த உணவு மேசை மேனாட்டார்க்கு ஆதிமுதலே உரிய பொருளாகத் தோன்றலாம். உண்மையில் அவர்கள் இல்லங்களிலும் அது நெடுங்காலம் நிலையான பொருளாக இருந்ததில்லை. வீட்டின் அமைப்பை மாற்றியபோதெல்லாம் மேசையையும் புதிதாக வகுத்தார்கள். இங்கிலாந்தின் வரலாற்றைக் கொண்டு இதனை நோக்குவோம்.

கெண்ட் மாநிலத்தில் பென்ஸ்ஹர்ஸ்ட் என்னும் மாளிகை இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் ஜான் டி புல்டனி என்னும் லண்டன் செல்வர் கட்டுவித்த அதன் பெருங்கூடத்தை இன்றும் காணலாம். கூடத்தின் நடுவே தரையில் தீ மூட்டும் மேடை. இரு மருங்கும் நீண்ட பழம் பலகைகள். தாங்கிகளின்மேல் பலகையைப் பரப்பினால் அது மேசை. உண்டபின் எடுத்துச் சுவரில் சாத்தினால் மீண்டும் கூடம். பலகையைக் குறித்த ஆங்கிலச் சொல்லே உணவையும் குறிக்கலாயிற்று. நம் ஊர் விடுதிகளில் 'போர்டிங்' என்று எழுதி வைத்திருப்பது அந்தப் பலகையைத்தான்! இத்தகைய கூடங்களில் தலைவன் மேடைமேல் அமர்வான். ஏவலர் கீழே அமர்வர். உயர்வு தாழ்வு உண்டு. ஆயினும் ஒரே கூரை, ஒரே வேளை.

இவ்வழக்கம் நிலைக்கவில்லை. பெருங்குடியினர் கூடத்தை விட்டுத் தனியறையில் உண்ணத் தலைப்பட்டதை அந்நூற்றாண்டுக் கவிஞர் லாங்லண்டே நொந்துரைத்தார். 1526-ல் எட்டாம் ஹென்றியின் அரண்மனைக்கு வகுத்த விதிகளும் இவ்வாறு ஒதுங்கி உண்பதைத் தடுக்க முயன்றன, பயன் சிறிதே. வீடுகளைத் திருத்திச் சிற்றறைகள் எழுப்பினர். அவற்றில் நெடும்பலகை அடங்குமா? மேற்பலகையின் அடியில் இருபுறமும் இழுக்கத்தக்க பலகைகள் செருகிய மேசை பதினாறாம் நூற்றாண்டில் பரவிற்று. அடுத்த நூற்றாண்டில், படலைக் கதவுபோல் திரும்பும் காலுடைய மடிப்பு மேசை பெருவழக்காயிற்று. விருந்து முடிந்ததும் மடித்து ஓரத்தில் ஒதுக்கிவிடலாம்.

பின்னர் வந்தது மகாகனி மரம். அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்திற்கு இறக்குமதி வரியை 1721-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் நீக்கியது. அகன்ற பலகை, எளிதில் கோணாத இயல்பு, கண்ணாடி போன்ற மெருகு. உணவு மேசைக்கு இதனினும் ஏற்ற மரம் ஏது? முதலில் ஜமைக்காவிலிருந்தும், பிறகு ஹாண்டுராஸ் வளைகுடாவிலிருந்தும், அதாவது இன்றைய பெலீஸ் நாட்டிலிருந்தும், கப்பல் கப்பலாக வந்தது.

அதனை வெட்டியவர் ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகள். ஆகஸ்டு மாதத்தில் மகாகனியின் இலை செம்மஞ்சள் நிறங்கொள்ளும். காட்டின் மிக உயர்ந்த மரத்தில் ஏறி, அந்நிறத்தைத் தொலைவில் கண்டு, வழி தவறாமல் மரத்தை அடைவதற்கென்றே தேர்ந்த அடிமை ஒருவன் இருப்பான். தரையிலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு அடி உயரத்தில் பரண் கட்டி, அதன்மேல் நின்று வெட்டுவார்கள். வெயிலை எருதுகள் தாங்கா என்பதால் இரவில் தீவட்டி வெளிச்சத்தில் கட்டைகளை இழுப்பார்கள். எருதுகளிடம் காட்டிய இரக்கம் மனிதர்க்குக் கிட்டவில்லை. மழை பெருகியதும் ஆற்றில் மிதக்கவிடுவார்கள். அடிமை ஒழிப்புச் சட்டம் 1834-ல் நடைமுறைக்கு வந்தது. பெலீஸ் நாட்டுக் கொடியில் இன்று மகாகனி மரமும் மரம் வெட்டுவோர் இருவரும் இடம்பெற்றுள்ளனர்.

மரம் கிடைத்தது, ஆயின் தச்சரின் சங்கடம் தீரவில்லை. உண்பவர் ஒருவர்க்கு இரண்டடி அகலமேனும் வேண்டும். இருபதின்மர்க்குப் பல மேசைகளை ஒட்டவைத்தால், இணைப்பில் அமர்ந்தவரின் முழங்காலை மேசைக்கால் இடிக்கும். லங்காஸ்டர் நகரத் தச்சுக் குடும்பத்தைச் சேர்ந்த ரிச்சர்டு கில்லோ 1800-ல் இதற்கொரு காப்புரிமை பெற்றார். ஒன்றனுள் ஒன்று வழுக்கி நீளும் சட்டங்கள்; நீட்டிய இடைவெளியில் பலகைகள்; கால்களோ சில. 1835-ல் ராபர்ட் ஜூப் செய்த வட்டமேசை நமக்கு இன்னும் வியப்பளிக்கிறது. அப்பத்தைத் துண்டு துண்டாக அரிந்தாற்போல் மேற்பலகை பிளந்திருக்கும். சுழற்றினால் துண்டுகள் யாவும் ஒருங்கே வெளிநோக்கி நகரும். இடையில் பலகை செருகினால் வட்டம் பெரிதாகும், வட்டமாகவே இருக்கும். அதில் தலைமாடு கால்மாடு இல்லை.

இந்தியாவில் இம்மரம் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தில் 1795-ல் நடப்பட்டது. எனினும் இங்கு தேக்கே மேசைக்கு மிகுதியும் உதவிற்று. புது தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையின் விருந்து மேசை 104 பேர் அமரத்தக்கது. குவாலியரில் 1874-ல் எழுந்த ஜெய் விலாஸ் அரண்மனையில் சிந்தியா மன்னர் மேசைமேல் தண்டவாளமே அமைத்தார். வெள்ளியாலான சிறு இரயில்வண்டி மதுக்குப்பிகளைச் சுமந்து விருந்தினர்முன் சுற்றிவரும். குப்பியை எடுத்தால் வண்டி நிற்கும். திரும்ப வைத்தால் ஓடும். ஊற்றிக்கொடுக்க ஆள் அருகில் நிற்க வேண்டியதே இல்லை.