கினிப்பன்றிக்குப் பட்டம் இல்லை

2019இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் ஒரு மண் பக்டீரியாவைத் தன் அதிகாரபூர்வ நுண்ணுயிராக அறிவித்தது. பெயர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ். காசநோய்க்கு எதிராக முதன்முதலில் வேலைசெய்த அன்டிபயோட்டிக், ஸ்ட்ரெப்டோமைசின், அதிலிருந்துதான் கிடைத்தது. பட்டம் நியாயம்தான். ஆனால் இந்தக் கதையில் இன்னொரு உயிரும் இருக்கு: கினிப்பன்றி. பேரில்தான் பன்றி, ஆள் எலி, அணில் மாதிரிக் கொறிக்கிற சின்னப் பிராணி. அந்தீஸ் மலைப் பக்கம் இறைச்சிக்காக வளர்த்தது. நாங்கள் ‘சோதனை எலி’ எண்டு சொல்லுறதை ஆங்கிலத்தில் இதன் பேராலதான் சொல்லுவினம்.

இரண்டில் எதுக்குப் பங்கு கூட? மருந்தைத் தந்தது பக்டீரியா, ஆகவே அதுக்குத்தான் எண்டு கனபேர் சொல்லுவினம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1882இல் பேர்லினில் ரொபேர்ட் கொக், காசநோயை உண்டாக்குவது ஒரு கிருமிதான் என்று நிறுவினார். எப்படி? வளர்த்தெடுத்த கிருமியைக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றி, அவற்றுக்கும் அதே நோய் வருவதைக் காட்டித்தான். மண் பக்டீரியா கதைக்குள் வந்தது அதுக்கு 61 வருசம் கழிச்சு.

1943 ஒக்டோபரில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அல்பேர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது ஆய்வு மாணவர் அதன் இரண்டு வகைகளைப் பிரித்தெடுத்தார். ஒன்று எரு போட்ட மண்ணிலிருந்து, மற்றது ஒரு கோழியின் தொண்டையிலிருந்து. கண்ணாடித் தட்டில் காசநோய்க் கிருமி அடங்கியது. ஆனால் தட்டில் கிருமியைக் கொல்லுற எத்தனையோ சாமான் உடம்புக்குள்ள போனா ஆளையும் கொல்லும். உடம்பு தாங்குமா?

அந்தக் கேள்விக்குப் பதில் 1944இல் மேயோ கிளினிக்கில் வந்தது. பெல்ட்மன், ஹின்ஷோ என்ற இரண்டு பேரிடம் அப்போது இருந்த மருந்து மிகக் கொஞ்சம். முதலில் நாலே நாலு கினிப்பன்றிகளுக்குத்தான் காணும். கினிப்பன்றிக்குக் காசநோய் இலேசாகத் தொற்றும், விட்டால் செத்துவிடும். அதனால்தான் அதைத் தெரிவுசெய்தார்கள். மருந்து வேலைசெய்தது. பிழைத்தவற்றையும் பிறகு கொன்று, நுரையீரலையும் ஈரலையும் வெட்டித்தான் பார்த்தார்கள். பக்டீரியாவுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

1952 நொபெல் பரிசு ஷாட்ஸின் பேராசிரியர் செல்மன் வக்ஸ்மனுக்கு மட்டும் போனது. அதுக்கு முதலே ஷாட்ஸ் வழக்குப் போட்டு, தானும் கண்டுபிடிப்பாளர்தான் எண்டு ஒத்துக்கொள்ள வைத்திருந்தார். நொபெல் குழு அசையேல்லை. கினிப்பன்றிகளோடு வேலைசெய்த பெல்ட்மனுக்கும் ஹின்ஷோவுக்கும்கூட அதில் பங்கில்லை.