கபர் இல்லா நூர்

ஆங்கிலேயரோடு பொருது 1799இல் வீழ்ந்த திப்பு சுல்தானின் வழித்தோன்றலும், ஸூஃபி ஞானி ஹஸ்ரத் இனாயத் கானின் மகளுமான நூர், அதே ஆங்கிலேயரின் உளவாளியாக 1943 ஜூனில் பிரான்ஸில் இறங்கினார். இதை முரண் என்போர், அவர் எதிர்த்தது நாஜிக் கொடுங்கோன்மையை என்பதை மறந்துவிடுகின்றனர்.

பாரிஸில் தோழர்கள் பலர் கைதான பின்னரும் நூர் நாடு திரும்ப மறுத்து, கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பிவந்தார். அக்டோபரில் பிடிபட்டார். விசாரணையில் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆயினும் கைப்பற்றப்பட்ட அவருடைய குறிப்பேடுகளைக் கொண்டு ஜெர்மானியர் லண்டனை ஏமாற்றினர். 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

போர் 1945இல் ஓய்ந்தது. அவர் மாண்ட இடமோ முதலில் நாட்ஸ்வைலர் முகாம் எனத் தவறாகப் பதிவாகி, பின்னரே திருத்தப்பட்டது. 1949இல் ஜார்ஜ் சிலுவை விருது வந்தது. நின்று துஆச் செய்ய ஒரு கபர் மட்டும் இல்லை. வெற்றி பெற்றோருக்கும் போர் விட்டுச்செல்வது இதுவே என்போம் நாம்.