கிரீன் கார்டு ஏன் தாமதம்? ஒரு வரிசையின் வரலாறு

விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் உறவினர்கள், பழைய ஆசிரியர்கள், பஸ் ஸ்டாண்டு டீக்கடை அண்ணாச்சி வரை எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "என்ன தம்பி, கிரீன் கார்டு வந்துடுச்சா?" இன்னும் இல்லை என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "இத்தனை வருஷமாவா? பேப்பர்ல ஏதாவது கோளாறா?"

பேப்பரில் கோளாறு இல்லை. எந்த அதிகாரியின் மேஜையிலும் என் ஃபைல் தூங்கவும் இல்லை. அப்படியானால் ஏன் தாமதம்? நமது சந்திப்பு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழுவினர் எழுதியபோது, இந்தக் கேள்விக்கே முழுசாகப் பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. பதில் ஒரு சரித்திரம். வெளிநாடு போகும் எண்ணத்தில் இருக்கும் இன்றைய மாணவர்கள் அதைத் தெரிந்துகொண்டு விமானம் ஏறுவது நல்லது.

கதவு மூடியிருந்த காலம்

அமெரிக்காவின் முதல் குடியுரிமைச் சட்டம் 1790-ல் வந்தது. சுதந்திரமான வெள்ளையர்தான் குடிமகன் ஆகலாம் என்றது அது. 1870-ல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் அந்த உரிமை கிடைத்தது. ஆசியாவிலிருந்து போனவர்கள் இரண்டு பட்டியலிலும் இல்லை. 1917-ல் வந்த குடியேற்றச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை மண்டலம் என்று கோடு போட்டு ஒதுக்கியது. இந்தியா அந்தக் கோட்டுக்குள் இருந்தது. மாணவர், ஆசிரியர் போன்ற சிலருக்கு மட்டும் விதிவிலக்கு.

பகத் சிங் திந்த் என்பவரை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பஞ்சாபிலிருந்து 1913-ல் அமெரிக்கா போய், முதல் உலகப் போரில் அந்நாட்டு ராணுவத்தில் சேர்ந்தவர். அவருடைய குடியுரிமை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1923-ல் தீர்ப்பு வந்தது: இந்தியர் வெள்ளையர் அல்லர், எனவே குடிமகன் ஆக முடியாது. அதன்பின் ஏற்கெனவே குடியுரிமை வாங்கிய இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பாகாய். ஊருக்குப் போய்வர அமெரிக்க பாஸ்போர்ட் கேட்டும் கிடைக்கவில்லை. 1928-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். திந்த் மட்டும் விடவில்லை. போர் வீரர்களுக்காக 1935-ல் வந்த சட்டத்தின் கீழ் மறுபடி மனுச் செய்து, 1936-ல் குடியுரிமை பெற்றார்.

வருஷத்துக்கு நூறு பேர்

1946 ஜூலையில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட லூஸ்-செல்லர் சட்டம் கதவைக் கொஞ்சம் திறந்தது. எவ்வளவு கொஞ்சம் தெரியுமா? முழு இந்தியாவுக்கும் வருஷத்துக்கு நூறு பேர்! நம் ஹாஸ்டலின் ஒரு மாடியில் அதைவிட அதிகம் பேர் இருந்தோம். ஆனாலும் அதே சட்டம்தான் இந்தியர்கள் குடிமக்கள் ஆகலாம் என்ற உரிமையைத் தந்தது. அதற்காக வாதாடியவர்களில் ஒருவர் தலிப் சிங் சௌந்த். பெர்க்லியில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டுக் கலிஃபோர்னியாவில் விவசாயம் பார்த்தவர். 1949-ல் குடிமகன் ஆனார். 1956-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நம்மவரும் ஒருவர் உண்டு. மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1953-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார், 1983-ல் நோபல் பரிசு. 1946-க்கு முன்னால் அப்பேர்ப்பட்ட மனிதருக்குக்கூட அந்த உரிமை இருக்கவில்லை.

1965-ல்தான் பெரிய மாற்றம். ஐரோப்பிய நாடுகளுக்குச் சாதகமாக இருந்த பழைய ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு, ஒரு நாட்டுக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 20,000 பேர் என்று எல்லா ஆசிய, ஐரோப்பிய நாடுகளுக்கும் ஒரே உச்சவரம்பு வைத்தார்கள். டாக்டர்களும் இன்ஜினியர்களும் கிளம்பிப் போன காலம் அதுதான். அந்தக் கால சீனியர்கள் சிலர், மெட்ராஸ் தூதரகத்திலேயே குடியேற்ற விசா வாங்கிக்கொண்டு விமானம் ஏறினோம் என்று சொல்லும்போது நமக்குப் பொறாமையாக இருக்கும்.

தோசைக் கணக்கு

இப்போதைய தாமதத்தின் வேர் 1990-ஆம் வருஷச் சட்டம். வேலை அடிப்படையில் வருஷத்துக்கு 1,40,000 கிரீன் கார்டு, அதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று அது சொன்னது. அதாவது 9,800. நம்மில் பெரும்பாலோர் நிற்கும் இரண்டாம் பிரிவுக்கு மட்டும் கணக்குப் போட்டால் சுமார் 2,800.

மெஸ் கணக்கில் சொல்கிறேன். காலையில் 140 தோசை. ஆளுக்கு ஒன்று. எந்த மாவட்டத்துக்காரருக்கும் மொத்தத்தில் பத்துத் தோசைக்கு மேல் கிடையாது. மற்ற மாவட்டத்துப் பையன்கள் 130 பேர் வந்து ஆளுக்கொன்று வாங்கிப் போகிறார்கள். மதுரைக்காரர் 70 பேர் நிற்கிறார்கள். பத்துப் பேர் சாப்பிடுவார்கள், அறுபது பேர் நாளைக்கு வரவேண்டும். நாளைக்கு இன்னும் 70 பேர் புதிதாக வந்து நிற்பார்கள். மாஸ்டர் வேகமாகத்தான் சுடுகிறார், மாவும் தீரவில்லை. ஆனாலும் மதுரை வரிசை நீண்டுகொண்டே போகும். மற்றவர்கள் குறைவாக வந்த நாளில் மீதித் தோசை மதுரை வரிசைக்கு வரும் என்றும் ஒரு விதி உண்டு. அதுதான் ஒரே ஆறுதல். மனைவி மக்கள் இருந்தால் அவர்கள் தோசையும் இதே 140-ல்தான் கணக்கு.

இதில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நாட்டு உச்சவரம்பு அநியாயம் செய்ய வந்ததல்ல. எந்த நாட்டுக்கும் சலுகை வேண்டாம் என்ற எண்ணத்தில் வந்தது. ஆனால் நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் 7 சதவீதம், 140 கோடி பேர் உள்ள இந்தியாவுக்கும் 7 சதவீதம். நாட்டுக்கு நாடு சமம் என்று பார்த்ததில், ஆளுக்கு ஆள் சமம் இல்லாமல் போய்விட்டது. அதுவும் பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த இடத்தை. குவைத்தில் பிறந்த நம்ம ஊர்ப் பையன் குவைத் கணக்கில் முன்னால் போய்விடுவான். அவனுடைய சொந்த அண்ணன் திருநெல்வேலியில் பிறந்திருந்தால் பின்னால் நிற்பான்.

முதலில் இது யாருக்கும் உறைக்கவில்லை. பிறகு கம்ப்யூட்டர் அலை வந்தது. தற்காலிக வேலைக்கான எச்-1பி விசாவின் வருஷ வரம்பை 65,000-லிருந்து 1999-ல் 1,15,000 ஆகவும், 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆகவும் உயர்த்தினார்கள். கிரீன் கார்டின் 1,40,000 மட்டும் அப்படியே நின்றது. வெளிவாசலை அகலமாக்கிவிட்டு உள்வாசலை விட்டுவிட்டால் நடுவில் முற்றம் நிரம்பத்தானே செய்யும்? 2000-ஆம் வருஷச் சட்டம், கிரீன் கார்டு மனு நிலுவையில் இருந்தால் எச்-1பி-யை ஆறு வருஷத்துக்கு மேலும் நீட்டிக்க இடம் கொடுத்தது. காத்திருக்க இடம் கிடைத்தது, வரிசை நகரவில்லை. 2005-ல் இந்தியர்களுக்கான தேதிகள் பின்னுக்குப் போயின. 2020-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆய்வுப் பிரிவு சொன்ன கணக்குப்படி, வேலை அடிப்படையிலான வரிசையில் குடும்பத்தாரையும் சேர்த்து ஏறத்தாழ பத்து லட்சம் பேர். பெரும்பாலோர் இந்தியர்கள்.

பூக்கொத்துப் போராட்டம்

ஒவ்வொரு மாதமும் அமெரிக்க வெளியுறவுத் துறை 'விசா புல்லட்டின்' என்று ஒரு பக்கம் வெளியிடும். உங்கள் பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் நீங்கள் இடம் பிடித்த தேதி, அதில் போட்ட தேதிக்கு முந்தியதாக இருந்தால்தான் கடைசி மனு போடலாம். 2007 ஜூலை மாதத்துக்கான புல்லட்டினில் ஏறக்குறைய எல்லோரும் மனுப் போடலாம் என்று அறிவிப்பு வந்தது. நம்மவர்கள் மருத்துவப் பரிசோதனை, போட்டோ, வக்கீல் என்று ஓடினார்கள். ஜூலை 2-ந் தேதி, எண்கள் தீர்ந்துவிட்டன, யாரும் போட வேண்டாம் என்று மாற்றிவிட்டார்கள்.

அப்போது நம்மவர்கள் கல்லெறியவில்லை, கத்தவில்லை. குடியேற்றத் துறை இயக்குநருக்கு நூற்றுக்கணக்கில் பூக்கொத்துகள் அனுப்பினார்கள். நம் 'வசூல் ராஜா' எந்த இந்திப் படத்தின் தமிழ் வடிவமோ, அந்தப் படத்தின் இரண்டாம் பாகத்தில் வந்த காந்திகிரி யோசனை அது. இயக்குநர் அந்தப் பூக்களை ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னார். ஜூலை 17-ல் முடிவு திரும்பப் பெறப்பட்டது, ஆகஸ்ட் 17 வரை மனுக்கள் வாங்கப்பட்டன. பூ மட்டுமே சாதித்தது என்று சொல்ல மாட்டேன், வழக்கும் விமர்சனமும் கூடவே இருந்தன. ஆனால் வரிசையில் நிற்பவனுக்கும் குரல் உண்டு என்று காட்டிய மாதம் அது.

சட்டத்தையே மாற்றும் முயற்சிகளும் நடந்தன. நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2011-ல் கீழ்ச்சபையில் 389-க்கு 15 என்ற வாக்கில் நிறைவேறியது. 2019-ல் மறுபடி 365-க்கு 65. 2020 டிசம்பரில் மேல்சபையும் ஒரு மசோதாவை ஏற்றது. ஆனால் இரண்டு சபைகளின் வாசகமும் வேறு வேறு. ஒன்றாக்குவதற்குள் அந்த நாடாளுமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது! எதிர்ப்பவர்களின் வாதத்தையும் சொல்ல வேண்டும். வரம்பை மட்டும் நீக்கி மொத்த எண்ணிக்கையைக் கூட்டாவிட்டால், மற்ற நாட்டினர் பல வருஷம் காத்திருக்க நேரும் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

கொரோனாவால் தூதரகங்கள் மூடிக் கிடந்ததில், குடும்ப அடிப்படையில் மிஞ்சிய எண்கள் 2021 நிதியாண்டில் வேலைப் பிரிவுக்கு வந்தன. 1,40,000 என்பது சுமார் 2,62,000 ஆனது. ஆனால் 66,000-க்கு மேற்பட்ட எண்கள் உபயோகமாகாமலே செப்டம்பர் முடிவில் காலாவதியாயின. வரிசையில் நிற்பவனுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை. இது மட்டும் கோட்டா தாமதம் அல்ல, அலுவலகத் தாமதம்.

காத்திருப்பின் விலை

என் பிரையாரிட்டி டேட் 2017. மேற்படிப்பு முடித்து முதலில் சேர்ந்த கம்பெனி, இதோ செய்கிறோம் என்று இரண்டு வருஷம் இழுத்தது. அடுத்த கம்பெனியில்தான் மனு போனது. இங்கே பிறந்த என் மகனுக்கு அமெரிக்க பாஸ்போர்ட் சில வாரத்தில் வந்துவிட்டது. அவன் அப்பாவுக்கு இன்னும் வரிசை எண்தான்! சிரிப்பாகச் சொன்னாலும் விலை கொஞ்சமல்ல. 2021-ல் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது என் பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை காலாவதியாகி இருந்தது. போனால் திரும்பி வர தூதரகத்தில் நேரம் கிடைக்குமா தெரியாது. வேலை போனால் அறுபது நாளில் வேறு வேலை, இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். அக்காதான் தனியாக ஆஸ்பத்திரியில் நின்றாள். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பத்து நாள் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினேன். இந்த வரிசையில் நிற்கிற ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு பத்து நாள் இருக்கும்.

தம்பி தங்கைகளுக்கு

பயமுறுத்த இதை எழுதவில்லை. போவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். போவதானால் சிலவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, பிறப்புச் சான்றிதழ். நம் பக்கத்தில் பலருக்கு அதில் பெயரே இருக்காது, 'ஆண் குழந்தை' என்றுதான் இருக்கும். ஊரில் இருக்கும்போதே நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பெயரைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். இனிஷியலை எப்படி விரித்து எழுதுவது என்று முடிவு செய்து, பாஸ்போர்ட், சான்றிதழ் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வையுங்கள். இரண்டாவது, வேலையில் சேரும் முன்பே கிரீன் கார்டு மனு எப்போது போடுவார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உங்கள் தேதி அன்றைக்குத்தான் தொடங்கும். மூன்றாவது, ஐ-140 என்ற மனு ஒப்புதல் ஆகிவிட்டால் கம்பெனி மாறினாலும் பழைய தேதி பொதுவாக உங்களோடு வரும். அந்த ஒப்புதல் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நான்காவது, குழந்தையின் வயது. இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால் பெற்றோர் மனுவிலிருந்து கழன்றுவிடும். 2002-ல் வந்த சட்டம் ஓரளவுதான் காக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், எது அலுவலகத் தாமதம், எது கோட்டா தாமதம் என்று பிரித்துப் பாருங்கள். முதலாவதற்குக் கடிதம், வக்கீல், விசாரிப்பு எல்லாம் பலிக்கும். இரண்டாவதற்குச் சட்டம் மாற வேண்டும். அது மாறாது என்று இல்லை. 1923-ல் முடியாது என்றது 1946-ல் முடிந்தது. நூறு பேர் என்றது 1965-ல் ஆயிரக்கணக்கானது. ஆனால் நடுவில் கழிந்த வருஷங்களை யாரும் திருப்பித் தரவில்லை. ஆகவே கார்டு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கல்யாணத்தையும், பெற்றோரைப் பார்ப்பதையும், பிடித்த வேலையையும் தள்ளிப் போடாதீர்கள். அந்த வரிசை அளப்பது நாம் பிறந்த இடத்தை. நம் தகுதியை அல்ல.

சந்திப்பு நாளன்று மெக்கானிக்கல் பிளாக் பக்கம் இருப்பேன். பேப்பர்களைக் கொண்டு வாருங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மிச்சத்தை நல்ல வக்கீலிடம் கேட்டுக்கொள்ளலாம்.