சண்டை இல்லாத சர்வர்: சேர்ந்து பிழைக்கும் இணைய விளையாட்டு பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

ஜெஞ்சாரோம்: பிள்ளை கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்தால், “மறுபடியும் சண்டை கேமா?” என்ற கேள்விதான் தோட்டத்திலும் தாமானிலும் முதலில் எழுகிறது. மொபைல் லெஜன்ட்ஸ், ஃபிரீ ஃபயர் போன்றவற்றைப் பார்த்த பெற்றோரின் கவலை நியாயமானதே. ஆனால், எல்லா இணைய விளையாட்டும் ஒருவரை ஒருவர் வீழ்த்துவதற்கானவை அல்ல. பலர் ஒரே உலகில் நுழைந்து, மரம் வெட்டி, பயிரிட்டு, வீடு கட்டி, சேர்ந்து பிழைக்கும் விளையாட்டுகளும் உண்டு.

சர்வர் என்பது என்ன?

அந்த உலகைத் தன்னுள் வைத்திருக்கும் கணினிதான் சர்வர். ஆட்டக்காரர்கள் தத்தம் வீட்டிலிருந்து இணையம் வழி அதில் இணைகிறார்கள். ஒருவர் வெளியேறினாலும் அவர் கட்டிய வீடு அங்கேயே இருக்கும். நாளை வருபவர் அதன் பக்கத்தில் இன்னொன்று கட்டலாம்.

இவ்வகையில் அதிகம் அறியப்பட்டது மைன்கிராஃப்ட். சுவீடனின் மொஜாங் நிறுவனம் 2011இல் இதை முழுமையாக வெளியிட்டது. 2014இல் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை வாங்கியது. 2023க்குள் 30 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன.

ஆபத்து உண்டு, எதிரி இல்லை

போட்டி இல்லை என்றால் ஆபத்தும் இல்லை என்று பொருளல்ல. மைன்கிராஃப்டில் இருட்டியதும் பூதங்கள் கிளம்பும், பசி எடுக்கும், உயரத்திலிருந்து விழுந்தால் அடிபடும். ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் தாக்க அனுமதிக்கும் ‘பிவிபி’ வசதியைச் சர்வர் நடத்துபவர் நிறுத்திவிட்டால், போராட்டம் அந்த உலகத்தோடு மட்டும்தான். ஒருவர் சுரங்கம் தோண்டுவார், ஒருவர் கோதுமை விதைப்பார், மற்றவர் வேலி போடுவார். நம் ஊர் கோத்தோங் ரோயோங் போலத்தான்.

கனடாவின் கிளெய் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘டோன்ட் ஸ்டார்வ் டுகெதர்’ இன்னும் ஒரு படி மேல். அதில் இறந்தவர் ஆவியாக அலைவார். அந்த ஆவி அலையும்வரை மற்றவர்களின் மனத்தெளிவு குறைந்துகொண்டே வரும். அவரை எழுப்பும் இதயத்தைச் செய்ய, செய்பவர் தம் உயிர்ச்சக்தியில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். தோழரை அப்படியே விட்டுவிட்டால் நட்டம் எல்லாருக்கும்தான். 2021இல் வந்த ‘வால்ஹைம்’ விளையாட்டிலும் 10 பேர் வரை சேர்ந்து பிழைக்கலாம்.

தாக்குதலை நிறுத்தினால் போதுமா?

போதாது. அடிக்க முடியாதவர் வீட்டை இடிக்கலாம், பெட்டியில் உள்ளதைத் திருடலாம். இதை ‘கிரீஃபிங்’ என்பார்கள். பல வாரம் உழைத்துக் கட்டியது ஒரே இரவில் போனால் பிள்ளைக்கு வரும் அழுகை உண்மையானது. அதனால் நல்ல சர்வர்களுக்கு மூன்று காவல் உண்டு. முதலாவது ‘ஒயிட்லிஸ்ட்’, பட்டியலில் பெயர் உள்ளவர் மட்டுமே நுழைய முடியும். இரண்டாவது, எந்தக் கட்டையை யார் எடுத்தார் என்ற பதிவு. அதைக்கொண்டு இடித்ததைத் திரும்ப நிறுத்தலாம். மூன்றாவது, அந்த உலகத்தை அவ்வப்போது நகலெடுத்து வைப்பது.

இதற்கு நல்ல சான்று ‘ஆட்கிராஃப்ட்’. பொதுச் சர்வர்களில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் கேலிக்கும் தொல்லைக்கும் ஆளாவதைக் கண்ட கனடாவின் ஸ்டூவர்ட் டங்கன், 2013இல் அவர்களுக்கெனத் தனி மைன்கிராஃப்ட் சர்வரைத் தொடங்கினார். பட்டியலில் சேர்ந்தவருக்கே அனுமதி, கேலிக்கு இடமில்லை. விளையாட்டு அதேதான். கதவும் விதியும் மாறியதால் பிள்ளைகளுக்கு நிம்மதி கிடைத்தது.

செலவு யாருடையது?

ஒரே வீட்டு வைஃபையில் விளையாடத் தனிச் சர்வர் தேவையில்லை. வெளியில் உள்ள நண்பர்களுக்காக, மைன்கிராஃப்ட் சர்வர் மென்பொருளை இலவசமாகப் பதிவிறக்கி வீட்டுக் கணினியில் நடத்தலாம். ஆனால், அந்தக் கணினி ஓடும்போதுதான் மற்றவர்கள் நுழைய முடியும். ‘ரியல்ம்ஸ்’ என்ற மாதக் கட்டணச் சேவையில் உரிமையாளருடன் 10 பேர் வரை விளையாடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: கைப்பேசியில் உள்ள பெட்ராக் பதிப்பும் கணினிக்கான ஜாவா பதிப்பும் நேரடியாக ஒன்றோடொன்று இணையா. வாங்குமுன் நண்பர்களிடம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டணம் ஒரே ஆள் தலையில் விழுந்தால், அவர் நிறுத்தும் நாளில் எல்லாருடைய உலகமும் மூடப்படும். தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில் தோட்டங்களையே வாங்கியது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். பிள்ளைகளும் ஆளுக்குச் சில ரிங்கிட் போட்டால் சுமை குறையும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

கைப்பேசியைப் பிடுங்குமுன் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு கேள்விகள் கேளுங்கள். சர்வரை நடத்துபவர் யார்? உள்ளே வருபவர்களை உனக்கு நேரில் தெரியுமா? யாராவது தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்வாய்? நீ கட்டியதற்கு நகல் இருக்கிறதா? நான்குக்கும் தெளிவான பதில் வந்தால், அடுத்த வேலை விளையாடும் நேரத்தைப் பேசி முடிவு செய்வதுதான். முதல் மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும், அது தெரியும்வரை அந்தச் சர்வர் வேண்டாம். நகல் இல்லையென்றால் இன்றே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.