மறுப்பில் மலர்ந்த துறை

1955ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆவடியில் இந்திய தேசிய காங்கிரசின் மாநாடு கூடியது. சமதர்மப் பாங்கான சமுதாயத்தை அமைப்பதே நாட்டின் குறிக்கோள் என்னும் தீர்மானம் அங்கு நிறைவேறியது. ஆவடி என்னும் ஊர்ப்பெயர் நாடெங்கும் ஒலித்தது. அறுபதுகளில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. சென்னையின் மேற்குப் புறநகர் இன்றைய வடிவத்தைப் பெறத் தொடங்கிய காலம் அது.

அதே 1955இல், ஆவடியிலிருந்து சில கல் தொலைவிலுள்ள கிண்டியில், பந்தலும் மேடையும் இன்றி மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையினர் இருவர், மனித உடலை இழுத்துக் கட்டி நிறுத்தும் புரதம் ஒன்றன் வடிவத்தைத் திருத்தமாக வரைந்து உலகின் முன் வைத்தனர். வைத்த சில திங்களிலேயே அதற்குக் கடுமையான மறுப்பும் எழுந்தது. அம்மறுப்பை அவர்கள் எதிர்கொண்ட முறையே புதியதோர் அறிவுத்துறைக்கு அடித்தளமாயிற்று. ஆவடி மாநாட்டை அறிந்தோர் பலர். கிண்டி ஆய்வை அறிந்தோர் தமிழ் படிப்போரிடையே மிகச் சிலரே.

இயற்பியலார் கையில் உயிரியல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் உயிரியல் கண்ணையும் நுண்ணோக்கியையும் நம்பி வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அதன் கருவி மாறியது. எக்ஸ்-கதிரைப் படிகத்தின் ஊடே செலுத்தினால் அது பல திசைகளிற் சிதறி ஒளித்தகட்டில் புள்ளிகளாகப் பதியும். அப்புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் கணக்கிட்டு அணுக்களின் அமைப்பை உய்த்துணரலாம். உப்பையும் வைரத்தையும் ஆராய்ந்த இம்முறை, புரதம் முதலிய உயிர்ப்பொருள்களின் பக்கம் திரும்பியபோது மூலக்கூற்று உயிரியல் பிறந்தது. 1951இல் லைனஸ் பாலிங்கும் அவருடன் பணியாற்றியோரும் புரதச் சங்கிலியின் ஆல்ஃபா சுருளை முன்மொழிந்தனர். 1953இல் வாட்சனும் கிரிக்கும் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை வெளியிட்டனர். ரோசலின்ட் ஃபிராங்க்ளின், மாரிஸ் வில்கின்ஸ் ஆகியோரின் எக்ஸ்-கதிர் ஆய்வுகள் அதற்குத் துணையாயின.

இத்துறையில் சென்னையின் பெயரைப் பொறித்தவர் ஜி.என். இராமச்சந்திரன். 1922ஆம் ஆண்டு எர்ணாகுளத்திற் பிறந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்த அவரை சர் சி.வி. இராமன் தம் இயற்பியல் துறைக்கு அழைத்துக்கொண்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரின் அழைப்பை ஏற்று 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக அமர்ந்தபோது அவர் முப்பது அகவையை ஒட்டிய இளைஞர்.

அக்காலத்தில் சென்னைக்கு வந்த அறிஞர் ஜே.டி. பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவுபடவில்லை என்பதை உரையாடலிற் குறிப்பிட்டார். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு ஆகியவற்றுக்கு உறுதியளிப்பது கொலாஜன். பாலூட்டிகளின் உடலில் மிகுதியாக உள்ள புரதமும் இதுவே. ஆவாரம்பட்டையிட்டுத் தோலைப் பதனிடும்போது அழுகாமல் நிலைபெறுவது கொலாஜன். எலும்பையும் தோலையும் நீரிலிட்டுக் காய்ச்சும்போது கூழாகிப் பசையாவதும் அதுவே. பயன் அறிந்த பொருளாயினும் வடிவம் அறியாப் பொருளாக அது இருந்தது.

வாய்ப்பாக, 1948இல் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பல்கலைக்கழக ஆய்வகத்திற்கு அண்டையில் அடையாற்றில் இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கங்காருவின் வால் தசைநாண் அங்கிருந்து கிடைத்தது. தூய்மையான கொலாஜன் அதில் இருந்தது. புதிய துறைக்கு வேண்டிய பொருள் அடுத்த வளாகத்திலேயே கிடைத்ததெனலாம்.

முப்புரியின் வடிவம்

இராமச்சந்திரனும் அவர்தம் இளம் துணைவர் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-கதிர்ப் படங்களை எடுத்து ஆராய்ந்தனர். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் அமினோ அமிலம் என்பது வேதியியலார் கண்ட செய்தி. இருபது அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது அது. இச்செய்தியைப் பற்றிக்கொண்டு, மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று இணைந்த அமைப்பை 1954இல் 'நேச்சர்' இதழில் முன்மொழிந்தனர். 1955இல் அதனைத் திருத்தி, ஒவ்வொரு சங்கிலியும் தானும் சுருண்டு மற்ற இரண்டோடும் முறுக்கிக்கொள்ளும் முப்புரிச் சுருளாக வெளியிட்டனர்.

கூந்தலை மூன்று கால்களாகப் பிரித்துப் பின்னும் சடையை இதற்கு ஒருவாறு ஒப்புமை கூறலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சடையின் கால்கள் இடம் மாறி மாறி வரும். கொலாஜனின் சங்கிலிகளோ கயிற்றின் புரிகளைப் போல் ஒரே திசையில் முறுக்குண்டு செல்லும். நடுவே எஞ்சும் இடம் மிகக் குறுகியது. கிளைசினைத் தவிர வேறெதுவும் அங்கு அடங்காது. நிலவு தன் ஒரு முகத்தையே உலகை நோக்கி வைத்துச் சுற்றுவது போல, ஒவ்வொரு சங்கிலியும் தன் கிளைசின் பக்கத்தையே நடுவண் நோக்கி வைத்துச் சுற்றுகின்றது. மூன்றாமிடந்தோறும் கிளைசின் வருவதன் காரணம் இவ்வாறு விளங்கியது.

மறுப்பும் விடையும்

1955ஆம் ஆண்டு முடிவதற்குள் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகிய இருவரும் அதே 'நேச்சர்' இதழில் தம் கட்டுரையை வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் என்னும் கருத்தை அவர்கள் ஏற்றனர். உள்ளமைப்பில் குறை கண்டனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டெனச் சென்னையார் கொண்டது பொருந்தாது, ஒன்றே உண்டு என்றனர். சென்னை வடிவத்தில் சில அணுக்கள் இருக்கத்தகாத அளவுக்கு நெருங்கியுள்ளன என்பது அவர்தம் முதன்மையான தடை.

கிரிக் அப்போதே புகழ்பெற்றவர். கேம்பிரிட்ஜ் அறிவுலகின் நடுவே நின்றவர். சென்னையிலோ வசதிகள் குறைவு. இத்தகைய சூழலில் மனங்கசந்து ஒதுங்குவது எளிது. தன் கூற்றையே உரக்க மீண்டும் சொல்வதும் எளிது. இராமச்சந்திரன் இரண்டையும் செய்தாரல்லர். தடையின் அடியிற் கிடந்த வினாவை அவர் எடுத்துக்கொண்டார். அணுக்கள் மிக நெருங்கியுள்ளன என்றால், எவ்வளவு நெருக்கம் தகும், எவ்வளவு தகாது என்பதே அவ்வினா. அதற்கு உலகில் எவரிடமும் உறுதியான அளவுகோல் அன்று இல்லை.

அதுகாறும் வெளிவந்த படிக அமைப்புகளையெல்லாம் திரட்டி, அணுவுக்கும் அணுவுக்கும் இடையே உள்ள தொலைவுகளைத் தொகுத்து, இயல்பான எல்லை, கடைநிலை எல்லை என இருவகை வரம்புகளை அவரும் அவர் மாணவரும் வகுத்தனர். பின்னர், கொலாஜனுக்கு மட்டுமன்றிப் புரதம் அனைத்திற்கும் அவ்வரம்பைப் பொருத்தினர். கையால் இயக்கும் கணக்கிடு பொறிகளே அவர்களுக்குத் துணை. சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இருவருடன் இராமச்சந்திரன் எழுதிய கட்டுரை 1963இல் வெளிவந்தது. உலகம் அதனை இராமச்சந்திரன் வரைபடம் எனப் பெயரிட்டு வழங்குகின்றது.

புரதத்தின் புணர்ச்சி விதி

இவ்வரைபடத்தின் கருத்து தமிழிலக்கணம் கற்றோர்க்குப் புதிதன்று. தமிழ்ச் சொல்லின் அகத்தே எந்த மெய்யை அடுத்தும் எந்த மெய்யும் வந்துவிடுவதில்லை. க், ச், த், ப் என்னும் நான்கும் தம்மொடு தாமே மயங்கும். ர், ழ் என்னும் இரண்டும் பிற மெய்களோடு மட்டுமே மயங்கும். எஞ்சியவை இருவகையாலும் மயங்கும். எழுத்துகள் சிலவே, சேர்க்கைகள் எண்ணிறந்தன, எனினும் மொழி ஏற்பனவற்றுக்கு வரம்பு உண்டு. அவ்வரம்பை மெய்ம்மயக்கம் என்றனர் இலக்கண நூலார்.

புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய மூட்டுகள் இரண்டு உள்ளன. அவற்றின் திருப்பக் கோணங்களை ஃபை, சை என்னும் கிரேக்க எழுத்துகளால் குறிப்பர். ஒன்றைக் கிடையாகவும் மற்றொன்றைக் குத்தாகவும் வைத்து வரைந்தால், எல்லாச் சேர்க்கைகளும் ஒரு சதுரத்துள் அடங்கும். அச்சதுரத்தின் பெரும்பரப்பு விலக்கப்பட்ட நிலம். அங்கு அணுக்கள் ஒன்றையொன்று முட்டும். முழங்கை பின்புறம் மடங்காதது போல, அக்கோணங்களிற் சங்கிலி மடங்காது. இடையிடையே உள்ள சில திட்டுகளே அனுமதி பெற்றவை. பக்கக்கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் சற்றே மிகுந்த உரிமை உண்டு. பின்னாளில் அமைப்புக் காணப்பெற்ற புரதங்களின் கோணங்கள் பெரும்பாலும் இத்திட்டுகளுக்குள்ளேயே விழுந்தன.

கொலாஜன் பற்றிய வழக்கின் முடிவையும் கூறல் வேண்டும். 1994இல் கொலாஜனை ஒத்த சிறு சங்கிலி ஒன்றன் படிக அமைப்பு மிகத் தெளிவாகக் காணப்பெற்றது. முப்புரிச் சுருள் உண்மை என்பது உறுதியாயிற்று. நேர்ப் பிணைப்பு மூன்றுக்கு ஒன்றே என்பதும் தெளிவாயிற்று. அந்த ஒரு கூற்றில் ரிச்சும் கிரிக்கும் சொன்னதே சரி. இதனை மறைத்து எழுதுவது இராமச்சந்திரனுக்குப் பெருமை சேர்ப்பதன்று. அவர் பிழைபட்ட இடத்திலிருந்தே அவருடைய பெரும்படைப்பு தோன்றிற்று என்பதுதான் இவ்வரலாற்றின் உயிர்நிலை.

பின் வந்த கருவிகள்

1971இல் இராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும், பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து உடலின் உட்பரப்பை மீட்டமைக்கும் கணித முறையொன்றை வெளியிட்டனர். சி.டி. ஸ்கேன் பொறிகள் பல்லாண்டுகளாகப் பின்பற்றிய கணக்கீட்டுக்கு அடிப்படையான ஆய்வுகளுள் அதுவும் ஒன்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையோரத்து ஸ்கேன் நிலையங்களில் படத்துக்காகக் காத்திருப்போர் அப்பெயரை அறியார்.

அதே 1971இல் புரதத் தரவு வங்கி ஏழு அமைப்புகளுடன் தொடங்கியது. இன்று அதில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டவை உள்ளன. சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், புரதத்தை உண்டாக்கும் ரைபோசோமின் அமைப்பை ஆய்ந்து 2009இல் நோபல் பரிசைப் பிறருடன் பகிர்ந்துகொண்டார். உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி முறைக்கு 2017இல் அப்பரிசு கிடைத்தது. புரதத்தின் மடிப்பைக் கணினியே முன்னறிந்து கூறும் ஆல்ஃபாஃபோல்டை ஆக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்ப்பர் ஆகியோரும், புதுப் புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கரும் 2024இல் அதனைப் பெற்றனர். இருபது கோடிக்கு மேற்பட்ட புரத வடிவங்கள் இன்று கணினியின் கணிப்பாகக் கிடைக்கின்றன.

கருவி எத்துணை விரைவு பெற்றாலும் அதன் விடையும் தேர்வுக்கு உட்பட்டதே. ஆய்வகத்தில் கண்ட புரத அமைப்பானாலும் கணினி கணித்த அமைப்பானாலும், அது தகுமா என்று நோக்க அறிஞர் இன்றும் விரித்து வைப்பது 1963ஆம் ஆண்டின் சென்னை வரைபடத்தை. இராமச்சந்திரன் 2001ஆம் ஆண்டு சென்னையில் மறைந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. அவர் வகுத்த விலக்கும் விதியும் ஒவ்வொரு நாளும் உலகின் ஆய்வகங்களிற் பயன்பட்டு வருகின்றன.

மறுத்தலும் ஒரு மதம்

நன்னூலார் நூலாசிரியர்க்குரிய மதங்களை ஏழாக வகுத்தார். உடன்படலை மட்டும் அவர் கூறவில்லை. மறுத்தலையும், பிறர் கருத்தை ஏற்றுப் பின் களைதலையும், பிறர் நூற்குற்றம் காட்டலையும் அவ்வரிசையிலேயே வைத்தார். தொல்காப்பியமும் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதெனச் சிறப்புப் பாயிரம் கூறுகின்றது. குற்றம் காண்போன் முன் நின்ற பின்னரே நூல் நூலாகும் என்பது தமிழ் மரபு.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மாலை வேளைகளிற் கூடும் இலக்கிய அரங்குகளுக்கு இவ்வரலாறு அயலானதன்று. புதுக்கவிதை படிக்கப்பெற்றதும் எழும் கைத்தட்டல் இனியது. ஓர் அடியைச் சுட்டி, இச்சொல் இவ்விடத்தில் இருக்கத்தகாது என ஒருவர் எழுந்து கூறும்போது அரங்கம் சற்றே இறுகும். அவ்வேளையில் கவிஞர் முன்னும் இருவழிகள் உள்ளன. கிண்டியில் 1955இன் இறுதியில் ஓர் இயற்பியலார் தேர்ந்த வழி, எந்தச் சொல் எங்கே தகும் என்னும் வினாவோடு வீடு திரும்புவது. எட்டாண்டுகள் கழித்து அவ்வினாவுக்குக் கிடைத்த விடை, உயிரியலுக்கே ஓர் இலக்கணமாயிற்று.