தவறு மாணவரிடமா, பாடத்திடமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவரே முன்நின்று நடத்தும் சிறுகுழுப் படிப்பு எங்கெங்கே பிறந்தது என்று பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். 1960, 70களில் அங்கே உயர்கல்வியின் வாசல் கறுப்பினத்தவருக்கும் ஏழைகளுக்கும் ஓரளவு திறந்தது. வகுப்பறை மட்டும் பழையபடியே இருந்தது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் மருத்துவமும் பல் மருத்துவமும் படிக்க வந்த சிறுபான்மை மாணவர்கள் பலர் பாதியில் வெளியேறினர். அதைத் தடுக்க 1973இல் டியானா மார்ட்டின் ஒரு துணைப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். 'பின்தங்கியவர்' என்று அவர் யாருக்கும் முத்திரை குத்தவில்லை. நிறையப் பேர் தோற்கும் பாடங்கள் எவை என்று பட்டியலிட்டார். அந்தப் பாடத்தை முன்பே நன்றாக முடித்த மாணவர் ஒருவர் மறுபடியும் வகுப்பில் உட்கார்ந்து கவனித்து, பிறகு விரும்பி வருவோரைக் கூட்டிவைத்துப் படிக்கச் செய்வார். குற்றச்சாட்டு ஆளை விட்டுப் பாடத்தின் மேல் திரும்பியது. இந்த வரலாற்றின் திருப்பம் அதுதான்.

அதே பத்தாண்டில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் இதே சிக்கலை நேரில் ஆராய்ந்தார். கறுப்பின மாணவர்கள் கால்குலஸில் தோற்பது ஏன் என்று கேட்டபோது ஊக்கமின்மை, பள்ளி அடிப்படை போதாமை, குடும்ப ஆதரவின்மை, வறுமை என்று பேராசிரியர்கள் காரணம் சொன்னார்கள். கறுப்பின மாணவர் 20 பேரையும் சீன வம்சாவளியினர் 20 பேரையும் அவர் உடனிருந்து கவனித்தார். அந்தக் காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் தங்களுக்குச் சொல்லப்பட்டபடியே வாரம் 8 மணி நேரம் தனியே படித்தார்கள். சீன வம்சாவளியினர் சுமார் 14 மணி நேரம் படித்தார்கள்; அதில் ஒரு பகுதி மாலையில் ஒன்றுகூடி விடைகளை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வதில் கழிந்தது. ஆகவே அவர் அமைத்த பயிலரங்கில் எளிய கணக்குகளுக்கு இடமில்லை. கூடி யோசித்தாலன்றி அவிழாத கடினமான கணக்குகளே கொடுக்கப்பட்டன.

1990களில் நியூயார்க் சிட்டி கல்லூரியின் வேதியியல் துறை இந்தப் பயிலரங்கைப் பாடத்தின் உறுப்பாகவே ஆக்கியது. அங்கே டேவிட் காஸரும் உடன் பணியாற்றியோரும் வகுத்த முறையில் ஆறு முதல் எட்டு மாணவர்கள் வாரந்தோறும் ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் ஒரு மாணவத் தலைவரோடு அமர்கிறார்கள். விடைத்தாள் தரப்படுவதில்லை. "தலைவருக்கே பாடம் அரைகுறைதானே, தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட மாட்டாரா?" என்று கேட்பது நியாயம். ஆனால் சொல்லிக்கொடுப்பது அவர் வேலையே இல்லை. பேசாதவரைப் பேச வைப்பதும், அவசரமாக வந்த விடைக்குக் காரணம் கேட்பதும்தான் அவர் பொறுப்பு. அதற்கெனப் பயிற்சியும் உண்டு, பேராசிரியரின் மேற்பார்வையும் உண்டு.

இன்னொரு மறுப்பு வலுவானது: இது ஆசிரியர் சம்பளத்தை மிச்சம்பிடிக்கும் பழைய தந்திரம் என்பது. அந்தச் சந்தேகத்துக்கு வரலாறு இடம் தருகிறது. சென்னை எழும்பூரில் ராணுவ ஆண் அநாதை இல்லத்தை 1789 முதல் கவனித்த ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகும் நம் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து அந்த வழக்கத்தைத் தம் இல்லத்தில் புகுத்தினார். சிறுவர்களையே சிறுவர்களுக்கு ஆசிரியராக்கினார். இந்த 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தில் பரவியது மலிவு என்பதால்தான். சட்டாம்பிள்ளை பாடத்தை ஒப்பிக்கச் சொல்ல, மற்றவர்கள் ஒப்பித்தார்கள். யோசனைக்கு அதில் இடமில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது வழக்கொழிந்தது. கல்லூரிப் பயிலரங்கிலும் பேராசிரியர் விலகிக்கொண்டு, கணக்கும் எளிதாகிவிட்டால் அதுவும் மெட்ராஸ் முறையாகத்தான் முடியும்.

ஆர்வமுள்ளவர்களே குழுவுக்கு வருவதால்தான் மதிப்பெண் உயர்கிறது என்பாரும் உண்டு. விருப்பத்தின்பேரில் வரும் திட்டங்களுக்கு இது ஓரளவு பொருந்தும். பாடத்தின் உறுப்பாக எல்லோருக்கும் அமைந்த பயிலரங்குக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அறிவியல், பொறியியல் பட்டப்படிப்புகளில் சிறுகுழுக் கற்றல் பற்றிய 39 ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் வெளியான கட்டுரை, மதிப்பெண்ணோடு படிப்பில் நிலைப்பதும் கூடுவதாகக் கண்டது. தோற்றவர்களை மட்டும் பிரித்து மாலையில் அதே பாடத்தை மறுபடி நடத்தும் கல்லூரிகள் இந்த வரலாற்றிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. பாதிப்பேர் தோற்கும் பாடம் என்றால் முதலில் திருத்தப்பட வேண்டியது அந்தப் பாடம்தான்.