டேங்குக்கும் என்ஜினுக்கும் நடுவுல ஒரு டேப்பு



பொட்டிபுரம்னு சொன்னா உங்கள்ல பல பேருக்கு நியூட்ரினோ திட்டம்தான் ஞாபகம் வரும். இன்னைக்கு எழுதப் போறது அதைப் பத்தி இல்ல. எங்க வீட்டுப் பழைய பெட்ரோல் ஜீப்புல இருக்கிற ஒரு பித்தளை டேப்பையும், அதுக்கு அடுத்தாப்புல இருக்கிற ஃபில்டரையும் பத்தி. ரெண்டும் சேர்ந்து உள்ளங்கையில அடங்கிரும். ஆனா இதுக்குப் பின்னாடி நூறு வருசக் கதை இருக்கு.

போன தை மாசம் மச்சினன் ஏலத்தோட்டத்துக்குத் தொழுவுரம் ஏத்திக்கிட்டு போடிமெட்டு ஏறினோம். நான், வீட்டுக்காரம்மா, மகன். 17 கொண்டை ஊசி வளைவுல பாதி தாண்டியிருப்போம், வண்டி ரெண்டு இருமு இருமி நின்னுருச்சு. பிரேக்கையும் மீறிப் பின்னால உருளப் பாத்துச்சு. மகன் குதிச்சு ஓடிப் பின் சக்கரத்துக்குக் கல்லு போட்டான். எனக்கு நெஞ்சு அடங்க அஞ்சு நிமிசம் ஆச்சு.

அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை கார்ப்ரேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணியாச்சு. காசுதான் போச்சு. "எடைக்குப் போட்டுருவோம்ப்பா"ன்னான் மகன். அப்பா வாங்குன வண்டி. எனக்கு மனசு வரல.

போடியில பழைய ஜீப்பு பார்க்கிற மெக்கானிக் ஒருத்தர் வந்தாரு. பானட்டைத் திறக்கல. குனிஞ்சு, டேங்குல இருந்து வர்ற பைப்பைத்தான் பாத்தாரு. "அண்ணே, ராத்திரி நிறுத்தி வச்சா பெட்ரோல் வாடை வருமா?" வரும். நாலஞ்சு மாசமா வருது. பழைய வண்டின்னா வாடை இருக்கத்தான் செய்யும்னு நானும் விட்டுட்டேன். "டேப்புக்குள்ள இருக்கிற கார்க்கு சுருங்கிப் போச்சு. நின்னா பெட்ரோல் ஒழுகும், ஓடுனா காத்தை இழுக்கும்"னாரு.

எங்க ஜீப்புல டேங்கு டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கு. என்ஜின் பக்கத்துல இருக்கிற ஏசி பம்புதான் பெட்ரோலை உறிஞ்சி கார்ப்ரேட்டருக்கு அனுப்பணும். நடுவுல இருக்கிற இந்த டேப்பு அப்பா காலத்து மெக்கானிக் வச்சது. கிழிஞ்ச உறிஞ்சு குழாயில இளநி குடிச்சுப் பாருங்க, காத்துதான் வரும். அதே கதைதான். சமதரையில சமாளிக்கும். ஏத்தத்துல, பாரம் வச்சு இழுக்கும்போது பெட்ரோல் பத்தாம நின்னுரும்.

பெட்ரோலை என்ஜினுக்குக் கொண்டு சேர்க்கிறது ஆரம்பத்துல இருந்தே மலைக்கு ஒரு பிரச்சினைதான். 1908-ல அமெரிக்காவுல வந்த ஃபோர்டு மாடல்-டி காருக்குப் பம்பே கிடையாது. சீட்டுக்கு அடியில டேங்கு, அதுக்குக் கீழ கசடு தங்க ஒரு சின்னக் கிண்ணம், ஒரு டேப்பு. வாய்க்கால்ல தண்ணி பாயுற மாதிரி பெட்ரோல் தானா என்ஜினுக்கு இறங்கும். செங்குத்தான ஏத்தத்துல முன்பக்கம் தூக்கிக்கிட்டா டேங்கை விட என்ஜின் மேல போயிரும். டேங்குல பெட்ரோல் குறைவா இருந்தா பாயாது. அதனால வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ்லயே மலை ஏறியிருக்காங்க! அப்புறம்தான் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிற பம்பு வழக்கத்துக்கு வந்துச்சு.

அந்தக் காலத்துல எங்க மலைக்கு மோட்டாரை விடக் கயிறுதான் பெரிய துணை. மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன்ல இருந்து ரோப்வே வழியாக் கொட்டக்குடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில போடிக்கு வரும். 1928-ல மதுரை ரயிலும் போடிக்கு வந்துருச்சு.

ரெண்டாம் உலகப் போர் வந்ததும் பெட்ரோல் ரேஷனுக்குப் போயிருச்சு. பஸ்ஸுங்க கரி வாயுவுல ஓடுச்சு. மதுரையில டி.வி.எஸ். கம்பெனியும் அதுக்கான கருவியைச் செஞ்சு கொடுத்துச்சு. பஸ்ஸோட ஒட்டி ஒரு அடுப்பு, அதுல மரக்கரி. அரைகுறையா எரியிற கரியில இருந்து வர்ற வாயுதான் எரிபொருள். ஆனா அதுல சாம்பலும் தாரும் கலந்தே வரும். வடிகட்டாம விட்டா என்ஜின் வீணாப் போயிரும். அதனால இன்னைக்குக் கைக்குள்ள அடங்குற ஃபில்டர், அன்னைக்கு டிரம்மு அளவுக்கு இருந்துச்சு. தினமும் அதைச் சுத்தம் பண்றதே தனி வேலை.

போர் முடிஞ்ச பின்னாடி ஜீப்பு வந்துச்சு. போருக்காகவே அமெரிக்காவுல செஞ்ச வில்லிஸ் ஜீப்பை, 1940-கள் கடைசியில மஹிந்திரா கம்பெனி பம்பாயில பூட்ட ஆரம்பிச்சாங்க. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஏலமலைக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு. இன்னைக்கும் விடியக்காலையில போடியில நின்னு பாருங்க, தோட்ட வேலைக்கு ஆளுகளை ஏத்திக்கிட்டு வரிசையா ஜீப்பு மலையேறும். இப்ப ஓடுறது பெரும்பாலும் டீசல். டீசல் ஃபில்டர் மாத்துனா குழாய்ல இருக்கிற காத்தை வெளியேத்தணும், இல்லன்னா ஸ்டார்ட் ஆகாது.

இப்ப பெட்ரோலே மாறிருச்சு. 2025-லேயே நூத்துக்கு 20 பங்கு எத்தனால் கலக்குற அளவுக்கு வந்துட்டோம். விவசாயியா எனக்கு இதுல கோபம் இல்ல. கரும்புல இருந்தும் சோளத்துல இருந்தும் வர்ற சரக்குதான். ஆனா எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊற வச்சுக் கெடுக்கும். கார்க்குல பூசுற அரக்கைக் கரைக்கும். டேங்குல வருசக் கணக்கா ஒட்டிக் கிடந்த பிசினைப் பேத்துக் கொண்டு வந்து ஃபில்டரை அடைக்கும். எங்க வண்டியில பழைய ஃபில்டரைக் கழட்டிக் கவுத்தா, காப்பி டிகாக்ஷன் மாதிரி கறுப்பாக் கொட்டுச்சு.

மாத்துற வேலை ரெண்டு மணி நேரந்தான். வெட்டவெளியில வண்டியை நிறுத்தி, என்ஜின் ஆறுற வரைக்கும் விட்டோம். பேட்டரி எர்த்தைக் கழட்டினோம். பக்கத்துல ஒரு சட்டி மணல். பீடிக்கட்டை வீட்டுக்குள்ள கொடுத்து அனுப்பிட்டாரு மெக்கானிக். டேங்கைக் காலி பண்ணி, புது டேப்பு, எத்தனாலுக்குத் தாங்குற ரப்பர் குழாய், புது கிளாம்பு, கண்ணாடிக் கப்பு வச்ச ஃபில்டர் போட்டோம். கண்ணாடியா இருந்தா அடியில தண்ணி தங்குனா கண்ணுக்குத் தெரியும். பம்புக்குள்ள இருக்கிற ரப்பர் தகட்டையும் மாத்திட்டோம். ராத்திரி முழுக்க அடியில அட்டை விரிச்சு வச்சுப் பாத்தேன். ஒரு சொட்டுக்கூட இல்ல.

அதைப் பாத்த பின்னாடிதான் பயமே வந்துச்சு. நாலஞ்சு மாசம் ஒழுகுற பெட்ரோலுக்கு மேல உக்காந்து, வீட்டுக்காரம்மாவையும் மகனையும் ஏத்திக்கிட்டுச் சூடான என்ஜினோட மலை ஏறியிருக்கேன். வண்டி நின்னதுக்குக் கார்ப்ரேட்டரைத் திட்டுனேன். வாடையைத்தான் மொதல்ல கேட்டிருக்கணும்.

கரி, டீசல், எத்தனால்னு எரிபொருள் மாறும்போதெல்லாம் மொத அடி இந்த டேப்புக்கும் ஃபில்டருக்கும்தான். உங்க வீட்டுல தாத்தா காலத்து அம்பாசிடரோ, பத்மினியோ, புல்லட்டோ நின்னுச்சுன்னா, துடைச்சு அழகு பாக்குறதுக்கு முன்னாடி டேங்குக்குக் கீழ ஒரு தடவை கையை வச்சுப் பாருங்க. விரலை மோந்து பாருங்க.

மறு வாரம் அதே உரத்தை ஏத்திக்கிட்டு போடிமெட்டு ஏறினோம். வண்டி எங்கேயும் நிக்கல. நின்ன வளைவு வந்ததும், மகன் போட்ட கல்லு இன்னும் ரோட்டோரம் கிடந்துச்சு. இந்தத் தடவை ஓட்டுனது அவன்தான். எடைக்குப் போடுற பேச்சை அதுக்கப்புறம் அவன் எடுக்கல.